பழைய ட்ரெக்டருக்கு எந்தக் கலப்பை தாங்கும்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. 2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டின பிறகு புது மெசின் கைக்கு எட்டாம எல்லாரும் பழைய ட்ரெக்டரைத் தேடிப் போய் வாங்கினோம், வாங்கின கையோட பிளேடு சுத்தி மண்ணைக் கிளறுற பெரிய ரொட்டவேட்டர், பெரிய தட்டுக்கலப்பைன்னு பூட்டிப் பார்த்தோம், இப்ப ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம நிக்கிறோம். அதனால இந்தப் பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், மருந்தடிக்கிற மெசின் பத்தி கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே, கந்தப்பளையில மூணு ஏக்கர் செய்றேன், கரட், லீக்ஸ், கிழங்கு. காணி பாதி சமம், பாதி சரிவு. போன வருஷம் பொலன்னறுவைப் பக்கம் போய் ஒரு பழைய மெஸி பெர்குசன் 135 ட்ரெக்டர் வாங்கிட்டு வந்தேன். அங்க வயல்ல ஓட்டிக் காட்டினப்ப புகையே இல்ல, நல்லா இழுத்துச்சு. இங்க கொண்டு வந்து ஆறு அடி ரொட்டவேட்டர் பூட்டினா கறுப்புப் புகையா தள்ளுது, பத்து யார் தூரம் போறதுக்குள்ள எஞ்சின் மூச்சு முட்டி நின்டுருது. டீசல் பம்பைக் கொஞ்சம் திறந்து விட்டா சரியாகும்னு கராஜ் பாஸ் சொல்றார். என்னைய ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தலை தம்பி. மெசின் அதே மெசின்தான், காத்துதான் வேற.

உங்க மெசின்ல இருக்கிறது பேர்கின்ஸ் மூணு சிலிண்டர் எஞ்சின், டர்போ கிடையாது, வெளியில இருக்கிற காத்தை அதுவா உறிஞ்சித்தான் டீசலை எரிக்கணும். பொலன்னறுவை கிட்டத்தட்ட கடல் மட்டத்துல இருக்கு, நுவரெலியா 1,868 மீட்டர், கந்தப்பளையும் அதே உயரம்னு வைங்க. மேல வர வர காத்து மெலிசாகும், நாம வேகமா ஏறினா மூச்சு வாங்குற மாதிரிதான் எஞ்சினுக்கும். டர்போ இல்லாத டீசல் எஞ்சினுக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் பலம் குறையும்னு ஒரு கணக்கு இருக்கு, அப்படிப் பார்த்தா உங்க இடத்துல நூத்துக்குப் பதினெட்டு போயிருச்சு. இதை யாரும் விக்கிறப்ப சொல்ல மாட்டாங்க, கீழ இருக்கிறவங்களுக்கு இது தெரிய வேண்டிய தேவையும் இல்ல.

இப்ப கணக்கைப் பார்ப்போம், பேப்பர் எடுத்துக்கோங்க. 135ன்னா 45 எச்பின்னு சொல்றாங்க, அது எஞ்சின்ல. பின்னாடி ரொட்டவேட்டர் மாதிரி கருவியைச் சுத்துற பிடிஓ ஷாப்டுக்கு வர்றது சுமார் 38தான், மிச்சம் கியர்லயும் ஹைட்ரோலிக் பம்புலயும் போயிடும். அந்த 38ல உயரத்துக்கு 18 சதவீதம் கழிச்சா 31. மெசினுக்கு வயசு அம்பதைத் தாண்டியிருக்கும், ரிங், நொசில், வால்வு எல்லாம் தேஞ்சதுக்கு பத்து சதவீதமாவது கழிக்கணும், 28. அடுத்தது சரிவு. ட்ரெக்டரும் ரொட்டவேட்டரும் சேர்ந்து ரெண்டாயிரம் கிலோவுக்குக் கிட்ட வரும், அதை பத்தடிக்கு ஒன்றரை அடி ஏறுற சரிவுல, பொதுபொதுன்னு இருக்கிற மண்ணுல, மெதுவா நகர்த்துறதுக்கே நாலஞ்சு எச்பி வேணும். சமத்துல ரொட்டவேட்டர் பிளேட் மண்ணை வெட்டுற வேகத்துல ட்ரெக்டரை முன்னுக்குத் தள்ளி விடும், அது ஒரு உதவி, ஏத்தத்துல அந்த உதவி பத்தாது. கடைசியில பிளேடுக்குன்னு மிஞ்சுறது 23, 24 எச்பி.

ரொட்டவேட்டருக்கு நடுத்தரமான மண்ணுல அஞ்சாறு அங்குலம் ஆழம் போக ஒரு அடி அகலத்துக்கு சுமார் 6 எச்பி பிடிஓல வேணும். ஆறு அடிக்கு 36. உங்ககிட்ட இருக்கிறது 24. மூச்சு முட்டாம என்ன செய்யும்?

பம்பைத் திறக்கிற பேச்சுக்கு தயவு செய்து இடம் கொடுக்காதீங்க. கறுப்புப் புகைன்னா டீசல் பத்தலைன்னு அர்த்தம் இல்ல, காத்து பத்தாம டீசல் எரியாம வெளிய போகுதுன்னு அர்த்தம். அதுல இன்னும் டீசலை ஊத்தினா புகை கூடும், சூடு கூடும், எரியாத டீசல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஒயிலைக் கழுவிட்டு கீழ ஒயிலோட கலக்கும், ஒரு வருஷத்துல எஞ்சின் இறக்க வேண்டி வரும். உண்மையில மலைக்குக் கொண்டு வந்த மெசினுக்கு டீசலைக் கொஞ்சம் குறைச்சு வைக்கிறதுதான் சரி. பாஸ்கிட்ட சண்டை போடாம, பம்பை டெஸ்ட் பெஞ்சுல வச்சுப் பார்க்கத் தெரிஞ்ச இடமாப் பார்த்துக் கொண்டு போங்க. அதுக்கு முன்னாடி உங்க கையாலயே செய்யக்கூடிய ஒண்ணு, ஏர் கிளீனரைக் கழட்டுங்க. அடியில கிண்ணத்துல ஒயில் இருக்கிற மாடலா இருந்தா அந்த ஒயில் சேறு மாதிரி கிடக்கும், வறண்ட பக்கத்துத் தூசி எல்லாம் அதுலதான் இருக்கும். கழுவிப் புது ஒயில் ஊத்துங்க, கோடு வரைக்கும் மட்டும். ஏற்கனவே மெலிசான காத்து, அதுக்கும் வழி அடைச்சிருந்தா எஞ்சின் பாவம்.

சரி, அப்ப நாலு அடி ரொட்டவேட்டர் வாங்கினா கணக்கு சரியா வருதேன்னு நினைப்பீங்க. வருது, ஆனா வேற ஒரு சிக்கல் இருக்கு. 135ல பின் சில்லுகளை எவ்வளவு உள்ள தள்ளி வச்சாலும் நடுவுக்கு நடு 48 அங்குலம், டயர் அகலத்தையும் சேர்த்தா வெளிப்பக்கம் 60 அங்குலம், அஞ்சு அடி. நாலு அடி ரொட்டவேட்டர் பூட்டினா ரெண்டு பக்கமும் சில்லு மிதிச்ச தடம் உழாம அப்படியே கிடக்கும். நாலு அடியை வலது பக்கம் தள்ளிப் பூட்டுற மாதிரி சட்டம் உள்ளது கிடைச்சா வாங்கலாம், ஒரு தடத்தையாவது அழிச்சிட்டுப் போகும், மத்தத் தடத்தை அடுத்த சுத்துல அழிக்கலாம். அது கிடைக்கலைன்னா அஞ்சு அடி. உங்க மெசினுக்கு நான் சொல்றது இந்த அஞ்சு அடிதான், ஆனா ஓட்டுற முறையை மாத்தணும்.

ஒரே தடவையில ஆறு அங்குலம் இறக்காதீங்க. முதல் தடவை மூணு அங்குலம், ரெண்டாவது தடவை மிச்சம். லோ ஃபர்ஸ்ட் கியர், எஞ்சின் வேகம் மீட்டர்ல பிடிஓ 540ன்னு குறி போட்ட இடத்துல நிக்கணும். வேகத்தைக் குறைச்சா மெசினுக்கு நல்லதுன்னு நிறையப் பேர் பாதி த்ரொட்டில்ல ஓட்டுறாங்க, அப்ப எஞ்சினுக்குப் பலமும் இல்லாம பிளேடும் வெட்டாம மண்ணை இழுத்துட்டு நிக்கும். சில ரொட்டவேட்டர்ல கியர் பொக்ஸ் பின் மூடியைக் கழட்டினா ரெண்டு பல் சக்கரத்தை மாத்திப் போட்டு ரொட்டர் வேகத்தைக் குறைக்கலாம், உங்களுதுல அந்த வசதி இருந்தா மெதுவான பக்கம் போடுங்க, கேக்குற எச்பி குறையும். ரொட்டர்ல ஒரு தட்டுக்கு ஆறு பிளேடுக்குப் பதிலா நாலு போடுற மாதிரி ஓட்டை உள்ள மாடல் இருந்தா அதுவும் செய்யலாம், ஆனா கண்ட பிளேடைக் கழட்டிட்டு ஓட்டாதீங்க, ரொட்டர் ஆடி பேரிங் போயிடும்.

கட்டி கொஞ்சம் பெருசா விழும், விழட்டும். இதை நான் மனசார சொல்றேன், நம்ம மலையில மண்ணை மாவாக்குறது பெரிய தப்பு. சமமான வயல்ல மாவு மண்ணு அங்கயே கிடக்கும், நம்ம சரிவுல மே மாசம் மழை புடிச்சா ஒரு ராத்திரியில கானுக்குள்ள போய் ஆத்துல கலந்துரும், காலையில போய்ப் பார்த்தா தண்ணி தேத்தண்ணி நிறத்துல ஓடும், அது நீங்க உரம் போட்டு வளர்த்த மேல்மண்ணு. கரட் விதைக்கிற பாத்தியை மட்டும் மேலாப்புல கையால பொடியாக்கிக்கோங்க, கிழங்குக்கு கைமுட்டி அளவு கட்டி இருந்தா ஒண்ணும் ஆகாது.

ஆறு அடியை விக்க மனசு வரலைன்னாலும் இன்னொரு கணக்கைப் பாருங்க, இது உயிர்க் கணக்கு. ஆறு அடி ரொட்டவேட்டர் சுமார் 450 கிலோ. அதைத் தூக்கினா அதோட பாரம் பின் அச்சுல இருந்து ஒண்ணேகால் மீட்டர் பின்னால தொங்குது, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 1.83 மீட்டர். பெருக்கி வகுத்துப் பாருங்க, முன் சில்லுல இருந்து 300 கிலோ எழும்பிடும். முன்னால இருக்கிறதே சுமார் 530 கிலோதான். மிச்சம் 230. ட்ரெக்டர் எடையில அஞ்சுல ஒரு பங்காவது முன் அச்சுல இருக்கணும்கிறது பொது விதி, உங்க மெசினுக்கு அது 290 கிலோ. சமத்துலயே பத்தலை, ஏத்தத்துல இன்னும் பின்னால சாயும், ஸ்டியரிங் திருப்பினா சில்லு திரும்பும், ட்ரெக்டர் திரும்பாது. அஞ்சு அடிக்கே முன்னால ஒரு அம்பது கிலோ இரும்புப் பாரம் போட்டுக்கிறது நல்லது. எங்கயாவது வே பிரிட்ஜ் இருந்தா ரொட்டவேட்டரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன் சில்லை மட்டும் ஏத்திப் பாருங்க, கணக்கை விட தராசு சொல்றதுதான் சரி.

கேள்வி: வெலிமடையில வயலும் கிழங்கும் மாத்தி மாத்திச் செய்றோம். எங்ககிட்டயும் அதே மாதிரி பழைய மெஸிதான், மச்சான் ஒரு மூணு தட்டுக் கலப்பை கொடுத்தார். எஞ்சின் நல்லா இருக்கு, புகை இல்ல, ஆனா கலப்பை இறங்கினதும் பின் சில்லு நின்ட இடத்துலயே சுத்துது. எஞ்சினைச் செய்யணுமா, டயரை மாத்தணுமா?

பதில்: ரெண்டும் வேணாம், ஒரு தட்டைக் கழட்டுங்க.

ரொட்டவேட்டருக்கு எச்பி முக்கியம், ஏன்னா அது பிடிஓல சுத்துது. கலப்பை அப்படி இல்ல, அதை சில்லு மண்ணைப் புடிச்சு இழுக்கணும், அதுக்கு எடைதான் முக்கியம். ஒரு தட்டு 25 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் வெட்டுதுன்னா 500 சதுர சென்டிமீட்டர் மண்ணு. நம்ம பக்கத்துக் களி கலந்த மண்ணுல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.7 கிலோ இழுவை வேணும், ஒரு தட்டுக்கு 350, மூணுக்கு 1,050 கிலோ. உங்க ட்ரெக்டர் மொத்தமே ஒன்றரை டன், கலப்பை பாரமும் சேர்ந்து பின் சில்லுல 1,150 கிலோ வருதுன்னு வச்சாலும் வயல் மண்ணுல அதுல பாதிதான் இழுவையா மாறும், 575. ஆயிரத்தை எப்படி இழுக்கும்? ரெண்டு தட்டு, ஆழம் 15 சென்டிமீட்டர்னு குறைச்சா 525 வருது, அது முடியும்.

இந்த 525 கிலோவை மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல இழுக்க எவ்வளவு பலம் வேணும்னு பாருங்க. இழுவையை வேகத்தால பெருக்கி 270ஆல வகுக்கணும், 8 எச்பி கூட இல்ல. அதனாலதான் எஞ்சின் சத்தமே மாறாம சில்லு மட்டும் சுத்துது. எஞ்சினைச் செஞ்சு ரெண்டு எச்பி கூட்டினாலும் சில்லு இன்னும் வேகமா சுத்தும், அவ்வளவுதான்.

எடை கூட்டணும்னா டயருக்குள்ள தண்ணி நிரப்புங்க. 12.4-28 அளவு டயர்ல முக்கால் பங்கு நிரப்பினா சுமார் 150 லீட்டர் புடிக்கும், ரெண்டு டயர்ல 300 கிலோ, அதுவும் கீழ் பாகத்துல இருக்கிற பாரம், சரிவுக்கும் நல்லது. வால்வை மேல் பக்கம் வச்சு நிரப்பணும், மிச்ச இடத்துல காத்து. குளிர் நாடுகள்ல உறையாம இருக்க தண்ணியில உப்புக் கலக்குறாங்க, அந்த உப்பு ரிம்மைத் தின்னுரும், நமக்கு அது தேவையே இல்ல, நுவரெலியாவுல ஜனவரி பெப்ரவரியில புல்லு மேல பனி உறைஞ்சாலும் டயருக்குள்ள தண்ணி உறையிற அளவுக்குக் குளிர் நிக்காது. வெறும் தண்ணி போதும். தண்ணி நிரப்பினதும் மூணாவது தட்டை மறுபடி மாட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அந்தக் கூடின பாரம் ரெண்டு தட்டை நிம்மதியா இழுக்கிறதுக்கு.

சில்லு எவ்வளவு வழுக்குதுன்னு கண்ணால சொல்ல முடியாது. டயர்ல சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கிட்டு பத்து சுத்து ஓட்டி தூரத்தை அளங்க, பிறகு கலப்பையை இறக்கி அதே பத்து சுத்து. நூறு அடி போன இடத்துல 85, 90 அடி போனா சரியான பொருத்தம். எழுபதுன்னா டயரையும் டீசலையும் மண்ணுல தேய்க்கிறீங்க.

இன்னொண்ணு, சீட்டுக்குப் பக்கத்துல ரெண்டு லீவர் இருக்கே, அதுல ஒண்ணு இழுவையைப் பார்த்து கலப்பை உயரத்தை மாத்துற டிராப்ட் லீவர், மத்தது உயரத்தை ஒரே இடத்துல வைக்கிற பொசிஷன். கலப்பைக்கு டிராப்ட் லீவர். மண்ணு இறுகினா மேல் இணைப்புக் கையான டொப் லிங்க் தள்ளுற தள்ளுல பின்னால இருக்கிற ஸ்பிரிங் அமுங்கி ஹைட்ரோலிக் தானா கொஞ்சம் தூக்கும், கலப்பை பாரமும் சில்லு மேல வந்து உக்காரும். ஹாரி பெர்குசன், கலப்பையை ரெண்டு கீழ்க் கையிலயும் டொப் லிங்க்லயும் பூட்டுற இந்த மூணு முனை இணைப்பைக் கண்டுபிடிச்சதோட பலனே அதுல இருக்கு, சின்ன ட்ரெக்டரை எடை கூடின ட்ரெக்டர் மாதிரி வேலை செய்ய வச்சது அதுதான். ஆனா நிறையப் பேர் ரெண்டு வேலைக்கும் பொசிஷன் லீவரையே புடிச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. ரொட்டவேட்டருக்குத்தான் பொசிஷன். டிராப்ட்ல போட்டதும் கலப்பை தலையாட்டிக்கிட்டே போகுதுன்னா அந்த ஸ்பிரிங்ல லூஸ் விழுந்திருக்கு, இறுக்கணும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கொத்துக்கலப்பை ஒண்ணு மலிவா கிடைச்சுது, ஆனா கீழ்க் கை உருண்டையில கலப்பை பின் போகவே மாட்டேங்குது, பின் பெருசா இருக்கு. பின்னைக் கடைஞ்சு சின்னதாக்கலாமா? (ராகலை)

பதில்: கடையாதீங்க. இணைப்புப் பின் அளவை கேட்டகரின்னு பிரிச்சிருக்காங்க, கலப்பை கேட்டகரி 2, உங்க ட்ரெக்டர் கேட்டகரி 1. கேட்டகரி 1க்கு கீழ் பின் 22 மில்லிமீட்டர், டொப் லிங்க் பின் 19. கேட்டகரி 2க்கு 28ம் 25ம். ட்ரெக்டர் பெருசு, கலப்பை சின்னதுன்னா புஷ் போட்டுச் சரிக்கட்டலாம். உங்களுது தலைகீழ். கலப்பை செஞ்சவங்க உங்க ட்ரெக்டரை விடப் பெரிய ட்ரெக்டரை நினைச்சுத்தான் அந்தப் பின்னைப் போட்டிருக்காங்க, அது உங்களுக்கு முதல்லயே கிடைச்ச எச்சரிக்கை. கொத்து எத்தனைன்னு எண்ணுங்க, ரெண்டு மூணைக் கழட்டிட்டு ஓட்ட முடியும்னா சட்டத்துல கேட்டகரி 1 பின் வெல்டிங் பண்ணாம போல்ட்ல மாட்டுற மாதிரி மாத்திக்கலாம். சட்டமே கனமா இருந்தா திருப்பிக் கொடுத்துருங்க.

கேள்வி: ஐயா, நான் ஊவா பரணகமயில இருந்து எழுதுறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டுல. பத்தொன்பது வயசு மகன்தான் ட்ரெக்டர் ஓட்டுறான். காணி படிக்கட்டு மாதிரி இருக்கு. போன கிழமை கலப்பையோட ஏறுறப்ப முன் சில்லு ஒரு முழம் எழும்பிச்சு, அவன் சிரிச்சுக்கிட்டே இறக்கிட்டான், எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. பெரிய ட்ரெக்டர் வாங்கினா இந்தப் பயம் போகுமா?

பதில்: அம்மா, உங்க பயம் சரியான பயம். மகனுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்க, தம்பி நீயும் வாசி.

முன் சில்லு எழும்புறது விளையாட்டு இல்ல. பின்பக்கமா கவிழுற ட்ரெக்டர் யோசிக்க நேரம் தராது, ஒண்ணரை செக்கனுக்குள்ள மேல விழுந்துரும், கிளச்சை மிதிக்கணும்னு மனசு நினைக்கிறதுக்குள்ள முடிஞ்சு போகும். எனக்கு இருபத்திரண்டு வயசுல வெலிமடைப் பக்கம் வாடகைக்கு ஓட்டுறப்ப இதே மாதிரி ஒரு கட்டுல ஏறினேன், கலப்பையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கியர் போட்டு கிளச்சைப் பட்டுன்னு விட்டேன். முன்னுக்கு வானம் மட்டும்தான் தெரிஞ்சுது. கலப்பை முனை மண்ணுல குத்தி நின்டதால நான் இன்னிக்கு எழுதுறேன். அதுக்குப் பிறகு ஒரு கட்டுலயும் நான் பாரத்தோட முன்னால ஏறினது இல்ல, ரிவர்ஸ்லதான் ஏறுவேன், இறங்குறப்ப முன்னால. பாரம் எப்பவும் மேட்டுப் பக்கம் இருக்கணும், அப்ப கவிழாது.

பெரிய ட்ரெக்டர் வாங்கினா பயம் போகாதும்மா, படிக்கட்டுக் காணியில பெரிய மெசின் திரும்புறதுக்கே இடம் பத்தாது, வரம்பும் தாங்காது. கலப்பையைச் சின்னதாக்குங்க. இருக்கிற ட்ரெக்டருக்கு முன்னால எடை போடுங்க. பின் சில்லுத் தட்டைத் திருப்பிப் பூட்டி அகலமா வைக்கலாம், 48 அங்குலத்துல இருந்து நாலு நாலு அங்குலமா 76 வரைக்கும் போகும். ஒரு பக்கம் சாஞ்சு கவிழுறதுக்கு அது நல்ல தடுப்பு, ஆனா கலப்பை அகலத்துக்கு வெளிய சில்லுத் தடம் விழும், அதை நீங்க பொறுத்துக்கணும். பின்னால கவிழுறதுக்கு அகலம் உதவாது, அதுக்கு முன் எடையும் ரிவர்ஸ்ல ஏறுறதும்தான்.

சரிவை அளக்க ஒரு நேர் பலகை போதும். பத்தடிப் பலகையின் ஒரு நுனியை மேட்டுல வச்சு, தண்ணி பாதி ஊத்தின போத்தலை மேல படுக்க வச்சு மட்டம் பார்த்து, மத்த நுனிக்கும் நிலத்துக்கும் இடையில அளங்க. ஒன்றரை அடிக்கு மேல போனா அந்தப் பாத்திக்கு நாலு சில்லு ட்ரெக்டர் வேணாம்ங்கிறது என்னோட முடிவு, ரெண்டு சில்லு லேண்ட் மாஸ்டரை இறக்குங்க, அதுவும் முடியாத இடத்துக்கு மண்வெட்டிதான். பாத்தி விளிம்புக்கு எவ்வளவு கிட்டப் போகலாம்னா, கட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் உள்ள தள்ளி நிக்கணும். நாலடிக் கட்டுன்னா நாலடி. அந்த நாலடியை உழாம விட்டா நட்டம்னு தோணும், அதுல பீன்ஸோ புல்லோ போடுங்க, கட்டும் இடியாது.

பழைய மெசின்கள்ல பாதுகாப்புச் சட்டம் இருக்காது, சீட்டுக்குப் பின்னால வளைவா நிக்கிற இரும்புக் கம்பிச் சட்டம். செஞ்சு பூட்ட முடியும்னா பூட்டுங்க, ஆனா தண்ணிக் குழாயை வளைச்சு ஒட்ட வச்சா அது வெறும் ஏமாத்து, பின் அச்சு உறையில கனமான தகட்டோட போல்ட் போட்டுப் பிடிக்கணும், சீட் பெல்ட்டும் வேணும். பெல்ட் இல்லாத சட்டம் ஆளைச் சட்டத்துக்கு வெளிய எறிஞ்சிரும். கடைசியா, எதையாவது இழுக்கணும்னா சங்கிலியை டொப் லிங்க்ல கட்டாத தம்பி, கீழ இழுவைக் கம்பியான ட்ரோபார்ல மட்டும் கட்டு. அச்சை விட உயரத்துல கட்டின சங்கிலிதான் நிறைய ட்ரெக்டரைப் பின்னுக்குப் புரட்டியிருக்கு.

கேள்வி: மெஸி 35ல புல்லு வெட்டுற சிலாஷர் பூட்டினோம். கிளச்சை முழுசா மிதிச்சாலும் ட்ரெக்டர் நிக்காம முன்னுக்குத் தள்ளிக்கிட்டுப் போகுது. பிரேக் பழுதா? (தலவாக்கலை)

பதில்: பிரேக்கையும் பாருங்க, ஆனா காரணம் அது இல்லாம இருக்கலாம். உங்க மெசின் ஒற்றைக் கிளச்சா இருக்கும். கிளச்சை மிதிச்சதும் எஞ்சின் விட்டுரும், ஆனா சிலாஷரோட கனத்த பிளேடு சுத்துற வேகத்துல பிடிஓ வழியா கியர் பொக்ஸைச் சுத்தும், கியர் பொக்ஸ் சில்லைச் சுத்தும். ரொட்டவேட்டர்ல இது அவ்வளவு தெரியாது, மண்ணு பிளேடைப் பிடிச்சு நிறுத்திரும். பிடிஓ ஷாப்ட்ல ஓவர்ரன் கப்ளர் ஒண்ணு மாட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரியான சாமான், பிளேடு தனியா சுத்திக்கிட்டு நிக்கும், ட்ரெக்டர் நின்டுரும். அதை மாட்டினா ஷாப்ட் நீளம் கூடும், அதனால சிலாஷரை மேல தூக்கியும் கீழ இறக்கியும் பார்த்து ஷாப்ட் இடிக்காம இருக்க எவ்வளவு வெட்டணுமோ அவ்வளவு மட்டும் வெட்டுங்க, ரெண்டு குழாயும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மூணுல ஒரு பங்காவது எப்பவும் நுழைஞ்சிருக்கணும். அது வர்ற வரைக்கும் கட்டு ஓரத்துல சிலாஷரைக் கொண்டு போகாதீங்க.